வெள்ளிக்கிழமைப் பிடி

எழுபதுகளின் பிற்பகுதியில் மூன்று ஆண்டுகள் மேல்மலையில் ஆசிரியராக இருந்தேன். பேருந்து கவுஞ்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் அந்த ஊர். நாற்பது வீடுகள், சிலுவை நட்ட ஒரு குருசடி, தகரக்கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பத்தொன்பது பிள்ளைகள். பள்ளியை நடத்தியது கோடைக்கானலில் இருந்த ஒரு மிஷன். அந்த வேலைக்கு வருவதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே சம்பளம் ஒழுங்காக வராததால்தான் மலை ஏறினேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள். அந்த ஊரிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை வந்த முதல் பெண் அவள்தான். ஆண்டு முடிந்ததும் கோடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் அவளைச் சேர்ப்பதாகப் பேச்சு. நான் எழுதிக் கேட்டேன். அவர்களும் ஒப்புக்கொண்டு ஒரு படிவம் அனுப்பினார்கள். பரீட்சை எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், படிவத்தில் தகப்பன் கைநாட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா, "நடவு முடியட்டும், வச்சுத்தாறேன்" என்று சொல்லியிருந்தார். படிவம் என் பெட்டியில் இருந்தது.

சமையலை வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று நான் திட்டமிட்டது கிடையாது. பள்ளிக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி எனக்கு நானே சமைத்துக்கொள்வேன். மதியம் மணியடித்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். வீட்டில் ஆள் இருக்காது. எல்லோரும் காட்டில் இருப்பார்கள். பிள்ளைகள் என் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் சாப்பிட முடியாது. அப்படித்தான் அது தொடங்கியது.

முதலில் பின்னம். ஒரு படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு. இவை அவர்களுக்குத் தெரியும். கரும்பலகையில் ஒன்றின் கீழ் நான்கு என்று எழுதினால்தான் தெரியாது. உழக்கால் நான்கு முறை அளந்து படியை நிரப்பிக் காட்டியபோது, மூன்று மாதம் புரியாதது ஒரு மதியத்தில் புரிந்தது. பிறகு மூடியில் வியர்க்கும் நீரைக் காட்டி ஆவியாதல். பருப்பு ஏன் இங்கே வேக இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டிக் காற்றின் அழுத்தம். "கீழ ஒட்டன்சத்திரத்துல எல்லாம் வெரசா வெந்துருமாம் சார், எங்க மாமா சொன்னாரு" என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாகவே பாடத்தை முடித்து வைத்தான்.

புவியியல்தான் எல்லோருக்கும் பிடித்தது. குழம்பில் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது?

"உப்பு?"

"கடையிலேருந்து சார்."

"கடைக்கு?"

"லாரியிலேருந்து."

"லாரிக்கு?"

"கடல்லேருந்து" என்று நானே சொன்னேன். அவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. "தண்ணில எப்பிடி சார் கல்லு வெளையும்?" என்றான் ஒருவன். "ஒந்தலைல வெளஞ்சிருக்குல்ல, அது மாதிரி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு வேடிக்கை. தண்ணீர் எடுக்கப் போகும்போது வேலியோரம் நிற்பார்கள். "வாத்தியாரே, ஒங்களுக்குப் பொண்ணு பாக்கணுமா, இல்ல வெறகு பொறுக்க ஆளு பாத்தாப் போதுமா?" என்பாள் ஒருத்தி. "பொண்டாட்டி வந்தா பாவம் அவதான். அடுப்படியில அவளுக்கும் வாய்ப்பாடு கேப்பாரு" என்பாள் இன்னொருத்தி. அப்படிச் சொன்னவளின் மகன் இரண்டாம் வகுப்பில் படித்தான். அவள் குரல் எட்டு வீடு தாண்டிக் கேட்கும்.

என் சம்பளத்தில் பத்தொன்பது பேருக்கு வாரம் ஒரு நாள்கூடச் சமைக்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அப்போதுதான் கோயில் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பிடி அரிசி என்று பெயர். நான் அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி ஏதாவது கொண்டுவர வேண்டும். கேழ்வரகு, பீன்ஸ், இரண்டு பூண்டு, ஒரு கேரட், எதுவானாலும் சரி. வெறுங்கையோடு மட்டும் வரக் கூடாது. அதை வைத்துச் சமையல், அதை வைத்துப் பாடம்.

கொண்டுவந்ததைக் கரும்பலகையில் பட்டியலாக எழுதினேன். இடது பக்கம் பெயர்கள், வலது பக்கம் பொருளும் எண்ணிக்கையும். கூட்டல், சராசரி, பட்டை வரைபடம் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தன. ஒன்றும் கொண்டுவராதவர்களுக்கு நேராக முதலில் கோடு போட்டேன். பிறகு, பூச்சியம் என்பதும் ஓர் எண்தான், சராசரி எடுக்கும்போது அதையும் சேர்க்க வேண்டும் என்று கற்பிக்க, கோட்டை அழித்துப் பூச்சியம் போட்டேன். கணக்கு முறைப்படி அது சரி.

ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் பெயருக்கு நேராக மார்கழியில் தொடர்ந்து நான்கு வாரம் பூச்சியம் விழுந்தது. சராசரியை அவளே பிழையில்லாமல் போட்டாள். ஐப்பசி மழையில் கருகல் நோய் வந்து அவர்கள் பாத்திகளில் கிழங்குச்செடி கருகிப்போயிருந்தது என்பது எனக்குத் தெரியும். பல வீடுகளிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவள் பாவாடை மடியில் இருபது உருளைக்கிழங்கு கொண்டுவந்தாள். எலுமிச்சை அளவு. தோல் சுருங்கி, பச்சை படர்ந்து, கண்களில் ஊதா நிற முளை விட்டிருந்தது.

"ஒரு பிடி போதுமே" என்றேன்.

"நாலு வாரத்துக்கும் சேத்து சார். ஆளுக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நான் கவனித்தேன், தவறாகப் புரிந்துகொண்டேன். அவள் இவ்வளவு கொண்டுவந்ததில் மற்றவர்களுக்கு ஆச்சரியம் என்று நினைத்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், இது வந்து..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவள் அவன் தொடையில் கிள்ளினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

நான் கீழ்நாட்டுக்காரன். உருளைக்கிழங்கைக் கடையிலும் தட்டிலும் மட்டுமே பார்த்தவன். மேல்மலையில் நடவுக்கு ஒதுக்கிய கிழங்கைப் பரணில் பரப்பி, வெளிச்சம் படவிட்டுப் பச்சை ஏற்றுவார்கள். முளை கெட்டியாக வரும், எலியும் தொடாது. இது அந்த அறையில் இருந்த ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். என் ஒருவனுக்குத்தான் தெரியாது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. விதைக்கிழங்கு அடுப்புக்கு வருகிறது என்றால் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை என்று பொருள். அடுத்தவர் வீட்டைப் பற்றி அதை வாய்விட்டுச் சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளும் சொல்லவில்லை.

நான் முளையைக் காட்டித் தாவரவியல் நடத்தினேன். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. இது கண், இதிலிருந்துதான் அடுத்த செடி. எல்லோரும் தலையாட்டினார்கள். தோலில்தான் சத்து என்று சுகாதாரப் புத்தகத்தில் இருந்ததால் தோலோடு அவித்தோம். பெரிய முளைகளை மட்டும் ஒடித்துப் போட்டேன். உப்பும் மிளகும் தூவினேன்.

"கசக்குது சார்" என்றான் இரண்டாம் வகுப்புப் பையன்.

"அறுசுவை என்னென்ன, சொல்லு."

சொன்னான்.

"அதில் கசப்பு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப சாப்பிடு."

சாப்பிட்டான். அவள் எல்லோருக்கும் பரிமாறினாள். தனக்கான கிழங்கை என் தட்டில் வைத்தாள். "வயிறு சரியில்ல சார்" என்றாள். நான் இரண்டையும் தின்றேன்.

மூன்று மணிக்கு முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. நான்கு மணிக்குள் பதினொரு பேர். நானும் பள்ளிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காட்டிலிருந்து தாய்மார்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவரும் குரல்கள்தான் கேட்டன. மிகவும் துவண்டுபோன இரண்டு பேரைக் கவுஞ்சிவரை தோளில் சுமந்துபோய், கேரட் ஏற்றிய லாரியில் கோடைக்கானல் மிஷன் மருந்தகத்துக்கு அனுப்பினோம். அதில் ஒருவன் கசக்கிறது என்று சொன்ன பையன். நானும் லாரியில் போனேன்.

மறுநாள் காலை இருவரும் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார்கள். கம்பவுண்டர் என்னிடம், "பச்ச ஏறின கெழங்கத் தின்னுருக்காங்க, அது வெசம்ல. வெதைக்கெழங்கப் போயி யாராவது அவிப்பாங்களா சார்?" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை ஊருக்குத் திரும்பினேன். அவள் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"நீ ஏன் சாப்பிடல?"

"வெத சார் அது. எங்க வீட்ல வெதயத் திங்க மாட்டோம்."

"அப்ப எதுக்குக் கொண்டுவந்த?"

"நீங்க பூச்சியம் போட்டீங்கல்ல."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

ஞாயிறு செபம் முடிந்ததும் குருசடிக்கு முன்னால் ஊர் கூடியது. அவள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். ஊர்ப் பெரியவர் சத்தமில்லாமல்தான் கேட்டார்.

"கெழங்கு ஒன் வீட்டுதுதானாப்பா?"

"எங்க வீட்டுதுதான். பன்னிக்குன்னு ஒதுக்கிப் போட்ட சொத்தைங்க. தெரியாம அள்ளிக்கிட்டு வந்துருச்சு கழுத."

அவர் பன்றியைத் தீபாவளிக்கு முன்பே விற்றுவிட்டார். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். பெரியவர் தலையாட்டினார்.

"சின்னப்புள்ள. பன்னிக்கு வச்சது மனுசனுக்கு ஆகாதுன்னு அதுக்கு என்ன தெரியும். குருசடிக்கு ரெண்டு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு. சோலி முடிஞ்சது, போங்க."

எட்டு வீடு தாண்டிக் கேட்கும் குரல் குறுக்கே வந்தது. "அப்ப இவ மட்டும் ஏன் வாயில வைக்கல? எம்மவன் குடலே வெளிய வந்துருச்சு. வெசமுன்னு தெரிஞ்சுதான குடுத்துருக்கா?"

"விடு ஆத்தா" என்றார் பெரியவர். "புள்ள பொழச்சுக்கிட்டான்ல."

அவளும் விட்டிருப்பாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். கூட்டம் கலையத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் நான் பேசினேன். ஒரு பெண்குழந்தை செய்யாத குற்றத்தோடு வீட்டுக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. தப்பான தகவலைத் திருத்தாமல் விட முடியவில்லை என்பது மீதிப் பாதி.

"அது பன்னிக்கு வச்சதில்லைங்க. வெதைக்கிழங்கு. அவங்க வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. நான் நாலு வாரமா போர்டுல பூச்சியம் போட்டேன், அதுக்காகப் பரண்லேருந்து எடுத்துட்டு வந்திருக்கு. வெதயத் திங்கக் கூடாதுன்னு வளத்திருக்காங்க, அதனாலதான் புள்ள தின்னல. வெசமுன்னு அதுக்கும் தெரியாது. தப்பு என்னோடது."

ஒவ்வொரு வாக்கியமும் சரியானது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவையும் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குருசடியைப் பார்த்தார்கள், இல்லையென்றால் தரையை. அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பெண் பின்னால் போனாள். பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான வாத்தியாரே. அதப் போயி வாயால சொல்லலாமா?"

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. மிஷனிலிருந்து தாளாளர் கடிதம் வந்தது: பள்ளி வளாகத்தில் இனி அடுப்பு மூட்டக் கூடாது. மூன்று கற்களையும் எடுத்து வேலியோரம் போட்டேன். பின்னத்தை மறுபடியும் சுண்ணக்கட்டியால் நடத்தினேன்.

தை கடைசியில் நடவு தொடங்கியது. ஒருநாள் காலை அந்த இரண்டாம் வகுப்புப் பையனின் தாய் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அன்று அவள் குரல் தாழ்ந்திருந்தது. கையை நீட்டி எதிர்ச்சரிவைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் அப்பாவுடைய பாத்தி வரப்பில் ஒரு மூங்கில் கூடை தெரிந்தது.

"எங்க கூடைதான். நாலு நாளாக் கெடக்கு."

அவள் சொல்லித்தான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. விதை பற்றாத வீடு எது என்று ஊருக்குத் தெரியும். நடவுக்கு முன்னால், மிச்சம் இருக்கும் வீட்டுக்காரர் வெள்ளனே, ஆள் நடமாட்டம் இல்லாதபோது, ஒரு கூடை விதையை அவர் வரப்பில் வைத்துவிட்டு வருவார். யார் வைத்தது என்று அவர் கேட்க மாட்டார். எடுத்து நடுவார். வேறொரு ஆண்டு, வேறொருவர் வரப்பில், அவர் ஒரு கூடை வைப்பார். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. யாரும் யாரிடமும் வாங்கவில்லை.

"சொல்லாம இருந்தாத்தான் எடுக்க முடியும் வாத்தியாரே. ஊரு கூடி நிக்கையில இல்லாதவன்னு சொன்னப்பெறகு எப்பிடி எடுப்பாரு? எடுத்தா பிச்சையாகிப்போகும்ல." போகத் திரும்பினாள். "நானும் அன்னைக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

அன்று இரவு கடும் உறைபனி. காலையில் கூடையில் இருந்த முளைகள் கறுத்திருந்தன. பிறகு அதை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி வந்தது. அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து நீட்டினார். அந்தப் பெண்ணை எங்கேயும் காணவில்லை. அவர் கோபமாகவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, நீங்க என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. புள்ள படிப்பக் கெடுத்துராதீங்க. இன்னும் மூணு மாசம்தான். அப்புறம் விடுதி. சோறு, துணி, புத்தகம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

"சோறு போடுவாங்க" என்றார்.

"ஆமாண்ணே."

"எங்க வீட்டுல சோறு இல்லைன்னு ஊருக்குச் சொல்லியாச்சு. இனி டவுனுக்கும் போயிச் சொல்லணுமா வாத்தியாரே?"

படிவத்தை வாங்கினார். எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் தாளின் இருபுறமும் பார்த்தார். இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார். "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

மாசியில் பாத்தியை அவருடைய தம்பிக்கு விட்டுவிட்டுத் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். தபால் எடுக்க நான் கவுஞ்சிக்குப் போயிருந்தபோது அவர்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். தாயும் பெண்ணும் பின்னால், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு மேல். பக்கத்தில் ஓர் அண்டா, ஒரு பாய்ச்சுருள். நான் லாரிக்குக் கீழே போய் நின்றேன். தோட்டத்திலும் பள்ளிக்கூடம் இருக்கும் என்று சொன்னேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"எங்கள வேலைக்குச் சேத்துக்குவாங்களாம் சார். பழம் பொறுக்க" என்றாள். பிறகு, "அஞ்சாப்புப் புஸ்தகத்த ஒங்க ரூம் ஜன்னல்ல வச்சிருக்கேன் சார். பள்ளிக்கூடத்துதுல்ல அது" என்றாள்.

லாரி கிளம்பியது. அவள் கையசைக்கவில்லை, மூட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியபோது ஜன்னலில் புத்தகங்கள் இருந்தன. பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு, முனை மடங்காமல், மூன்று. சிஸ்டர்களுக்குப் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்த இடம் வேறு ஊர்ப் பெண் ஒருத்திக்குப் போனது என்று பதில் எழுதியிருந்தார்கள். புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நான்காம் வகுப்பு முடித்தவர்கள் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு யாரும் வரவில்லை.